புதன்கிழமை பேட்டரி

என் புருஷன் எவெர்ட்டிடம் இரண்டு கார்கள் உண்டு. ஒன்று கடைக்குப் போக, டாக்டரிடம் போக, பனிச் சாலையில் வழுக்கி வழுக்கி ஊர் திரும்ப. இன்னொன்று ‘கிழவி’. அமெரிக்காவில் செய்தது. பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு விடைத்து நிற்கும், நீளம் எங்கள் சமையலறையைவிட அதிகம். ஸ்வீடனில், ஹெல்சிங்லாண்டில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது ஒரு வியாதி. வீட்டுக் கூரை ஒழுகும், வாசலில் அமெரிக்க வண்டி பளபளவென்று நிற்கும். கேட்டால் கூரைக்கு அடுத்த வருஷம் என்பார்கள்.

கிழவி மே மாதம் வெளியே வருவாள். அக்டோபரில் பனிக்கட்டி கரையச் சாலையில் உப்புக் கொட்ட ஆரம்பித்ததும் வால்தரின் வைக்கோல் கொட்டகைக்குள் போய்ப் படுத்துவிடுவாள். வால்தர் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன். நல்லவன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்துவதில் எவெர்ட்டை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை. முக்கியமாக, பேட்டரி விஷயத்தில். கார் கிளப்பில் யார் காபிக் கோப்பையை எடுத்தாலும் இவன் பேட்டரியை எடுத்துவிடுவான். முதலில் மைனஸைக் கழற்று, அப்புறம் பிளஸ். மாட்டும்போது மாற்றிச் செய். டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சோடா மாவுத் தண்ணீரால் துடை, கிரீஸ் தடவு. வெறும் வயிற்றோடு குளிரில் கிடக்கும் பேட்டரி உறைந்து பிளந்துபோகும், வயிறு நிறைந்த பேட்டரியை எந்தக் குளிரும் அசைக்காது. இதை அவன் சொல்லி நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அதனால் குளிர்காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. கிழவியின் பேட்டரிக்குச் சார்ஜ் போடப் போகிறான். போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். கோடையில் புதன்கிழமை கிளப், குளிர்காலத்தில் புதன்கிழமை பேட்டரி. எங்கள் வீட்டில் புதன்கிழமை அப்படித்தான் ஓடியது.

ஆரம்பத்தில் ஒரு தரம் கேட்டேன். “ஏன்யா, கிளிப்பை மாட்டிட்டு வர வேண்டியதுதானே? பக்கத்துலயே காவல் உக்காந்திருக்க அது என்ன கைக்குழந்தையா?”

“வைக்கோல் கொட்டகை, குன்வோர். சார்ஜ் ஏறும்போது பேட்டரி வாயு விடும். ஒரு பொறி போதும். ஆள் இல்லாத நேரத்துல எரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்.”

“வாயு விடுறதுல நீயும் பேட்டரியும் ஒண்ணு. ரெண்டு பேரும் அங்கயே இருங்க.”

சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? குளிரில் உட்கார்ந்திருப்பானே பாவம் என்று ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி, டப்பாவில் ஏலக்காய் பன் வைத்துக் கொடுத்தேன். அந்த பன் எங்கள் அம்மாவின் கைப்பக்குவம். ஏலக்காயை உரலில் இடித்துப் போடவேண்டும், பொடி வாங்கிப் போடக்கூடாது. போன வருஷம் ஒரு நாள் சொன்னான், “இன்னும் ரெண்டு சேத்து வையேன், குளிர்ல பசிக்குது.” வைத்தேன். சந்தோஷமாக வைத்தேன். அட முட்டாளே என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது இப்போது.

இனி சிக்ஸ்தனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிக்ஸ்தன் என் கூடப்பிறந்த அண்ணன். ஒரே அண்ணன். ஏரிக்கு அந்தக் கரையில் வீடு. என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவன் வீட்டுப் புகைபோக்கி தெரியும். ஏரிக்குக் குறுக்கே போனால் கூப்பிடு தூரம். எட்டு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. கடையில் எதிரே வந்தால் நான் பால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் அம்மா முதியோர் இல்லத்தில் கடைசி நாள்களில் இருந்தாள். ஜனவரி மாதம், கொல்லும் குளிர். மூன்று ராத்திரி நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் சிக்ஸ்தன் வந்து, “நீ போய்க் கொஞ்சம் தூங்கு, ஏதாச்சும்னா உடனே கூப்பிடறேன்” என்றான். வந்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். படுக்கும் முன் எவெர்ட்டிடம் சொன்னேன், போன் வந்தால் தண்ணீர் ஊற்றியாவது என்னை எழுப்பு என்று. விடிந்தபின் எழுப்பினான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டு, அம்மாவின் கைகளை மார்மேல் கோத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஆவி போக ஜன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் சிக்ஸ்தனின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். “ஏன்டா கூப்பிடலை? ஒரு போன் பண்ண உனக்கு என்ன கேடு?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “கூப்பிடலை. விடு குன்வோர்.”

அவ்வளவுதான். ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. வெளியே பனியில் நின்று நான் கதறியபோது எவெர்ட்தான் என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டான். “இனிமே அவன் வாசப்படியை நானும் மிதிக்க மாட்டேன். உனக்கு நான் இருக்கேன்” என்றான். ஊரில் பாதிப்பேர் என்னிடம் சமாதானம் பேசினார்கள், பாதிரியார்கூட வந்து பேசிப் பார்த்தார். எல்லாரையும் நான் விரட்டியடித்தேன். எனக்கு என் புருஷன் இருந்தான். உலகம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருத்தன் என் பக்கம் நிற்கிறான் என்பது எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? அந்தத் தெம்பில்தான் இத்தனை வருஷம் ஓடியது.

இந்த ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கிய வாரம். புதன்கிழமை. எவெர்ட் வழக்கம்போலப் போய்விட்டான். ராத்திரிக்கு ஹெர்ரிங் மீன் வறுக்கலாம் என்று பார்த்தால் கூடையில் உருளைக்கிழங்கு இல்லை. எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு நிலவறையில் இருக்கும். இந்த வருஷம் அக்டோபரிலிருந்து எவெர்ட்தான் கீழே போய் எடுத்து வருவான். “உன் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது, நீ இறங்கவே கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மனுஷனுக்குக் கரிசனம் முளைத்திருக்கிறதே என்று நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

அன்று எடுத்துவைக்க மறந்துவிட்டான். சரி, இதற்காக அவனைக் கூப்பிடவா முடியும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால், பழைய பனிச்சறுக்குக் கட்டைகள் சாத்தியிருந்த மூலையில், பச்சையாக ஏதோ ஒளிர்ந்தது. பூனைக் கண்ணோ என்று பயந்துவிட்டேன். கட்டைகளை விலக்கினேன்.

பேட்டரி.

மரப் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. மேலே தூசி இல்லை. டெர்மினல்களில் கிரீஸ் மினுமினுத்தது. சிவப்புக் கிளிப், கறுப்புக் கிளிப், உள்ளங்கை அளவில் ஒரு புதுச் சார்ஜர், அதில் பச்சை விளக்கு. இப்போதெல்லாம் வருகிறதே, மாட்டிவிட்டால் தானே பார்த்துத் தேவையான அளவு ஏற்றி, தானே நிறுத்திக்கொள்ளும், அந்த வகை. மாசக்கணக்கில் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அட்டையில் எழுதித் தொங்கவிடாத குறைதான், இது எவெர்ட்டின் கைவேலை என்று. பிடி உடைந்த இடத்தில் அவன் நீலக் கயிறு கட்டியிருந்தான், எனக்குத் தெரியும். கிழவியின் பேட்டரியேதான்.

நான் ஒரு உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கிழவிக்கு ஒரே ஒரு பேட்டரி. அது இங்கே என் உருளைக்கிழங்கோடு சுகமாக இருக்கிறது. அப்படியானால் இந்த மனுஷன் இத்தனை புதன்கிழமையும் எதற்குச் சார்ஜ் போட்டான்?

மேலே வந்து வால்தருக்குப் போன் போட்டேன்.

“வால்தர், எவெர்ட் அங்க இருக்கானா?”

“எவெர்ட்டா?” என்றான். தொண்டையைக் கனைத்தான். “இருக்கான். ஆங், இருக்கான் இருக்கான். கொட்டகைல. பேட்டரிக்குச் சார்ஜ்…”

“கொஞ்சம் கூப்பிடு.”

“இப்பவா? இப்ப வந்து… கக்கூஸ்ல இருக்கான்.”

“உன் கொட்டகைல ஏதுடா கக்கூஸ்?”

“அது… வந்து…” என்று இழுத்தான்.

“வால்தர், என் காதுல பூ சுத்தாதே. கிழவியோட பேட்டரி என் நிலவறைல உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்குது.”

“அய்யோ” என்றான் வால்தர். “நான் அப்பவே சொன்னேன் குன்வோர். மாடு எல்லாம் வித்துட்டேன், பால் அறைல இனிமே கரண்ட்டும் கிடையாது ஹீட்டரும் கிடையாதுன்னு. இத்தனை வருஷம் அங்கதான் வெச்சிருந்தான். கொட்டகைலயே கிடக்கட்டும்டா, மாசம் ஒரு தரம் பாத்தா போதும்னேன். கேட்டாத்தானே? ‘சார்ஜ் இல்லாம குளிர்ல விட்டா பேட்டரி கெட்டுப்போயிடும், பேட்டரியைக் குளிர்ல விட மாட்டேன்’னு ஒத்தைக் கால்ல நின்னான். ‘வீட்டுக்குக் கொண்டுபோகாதே, நீ மாட்டிக்குவ’ன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.”

இதுதான் எவெர்ட். பெண்டாட்டியிடம் வாய் கூசாமல் பொய் சொல்வான். ஆனால் ஒரு பேட்டரியைக் குளிரில் போட மனசு வராது. அந்தப் பேட்டரியை அவன் எங்காவது ஒரு மூலையில் உறைய விட்டிருந்தால் நான் சாகும்வரை பன் சுட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

“யார் அவ?” என்றேன்.

“எவ?”

“புதன்கிழமைக்காரி. பேரைச் சொல்லு.”

“பொம்பளை எல்லாம் இல்லை குன்வோர், சத்தியமா இல்லை” என்று பதறினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், “சிக்ஸ்தன் வீட்ல இருப்பான். சீட்டு விளையாடுவாங்க.”

போனை வைத்தேனா, அதுவே விழுந்ததா, ஞாபகம் இல்லை.

ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அவளுடைய தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டு, இவனை வெளியே தள்ளிவிட்டு, என் மனசு ஆறியிருக்கும். ஊரில் நடக்காததா? ஆனால் சிக்ஸ்தன்! என் அம்மாவின் கடைசி நேரத்தை என்னிடமிருந்து பிடுங்கியவன். அவன் மேஜையில் என் புருஷன். எட்டு வருஷமாக. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே பாவி. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இன்னும் ரெண்டு சேர்த்து வை. என் கையால் இடித்த ஏலக்காய், என் கையால் சுட்ட பன். அது யார் வயிற்றுக்குப் போயிருக்கிறது?

காரை அவன் எடுத்துப் போயிருந்தான். இரண்டு கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினேன். வாசலில் உந்துசறுக்கு வண்டி சாத்தியிருந்தது, முன்னால் நாற்காலி வைத்து, பின்னால் நின்று காலால் தள்ளிக்கொண்டு போவது. நல்ல காலை ஊன்றி, கெட்ட காலால் தள்ளினேன். வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் தள்ளினேன். ஏரி இரும்பாக இறுகிக் கிடந்தது. மூன்று மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கண்ணீர் வந்ததா என்று கேட்டால், வந்தது, இமையிலேயே உறைந்துவிட்டது.

சிக்ஸ்தன் வீட்டுப் பின்பக்கம் எங்கள் கார் நின்றது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி விறகு அடுக்குக்குப் பின்னால். இஞ்சினைச் சூடாக வைக்கும் ஒயரைக்கூட அவன் சுவரில் செருகிவிட்டிருந்தான். தன் வீட்டில் நிறுத்துகிற மாதிரி. ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு கிழவர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் டப்பா திறந்து கிடந்தது. சிக்ஸ்தன் ஒரு பன்னை எடுத்துக் காபியில் தோய்த்தான்.

கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் பூட்டுவதில்லை.

“ஏலக்காய் போதுமா?” என்றேன்.

எவெர்ட்டின் கையிலிருந்த சீட்டெல்லாம் மேஜையில் சிதறியது. எழுந்தான், நாற்காலி பின்னால் விழுந்தது. “குன்வோர்! நீ எப்படி… இந்தக் குளிர்ல…”

“பேட்டரி சொல்லிச்சு. சார்ஜ் நல்லா ஏறியிருக்காம், உன்னை விசாரிச்சுது.”

முழித்தான். திருடன் முழிக்கிற முழி. சிக்ஸ்தன் மட்டும் அசையவில்லை. கிழடு தட்டிப்போயிருந்தான். கழுத்து சுருங்கி, காதில் மெஷின் வைத்திருந்தான். கடையில் திரும்பிக்கொண்டபோதெல்லாம் நான் அவனைச் சரியாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

“உக்காரு குன்வோர்” என்றான் சிக்ஸ்தன்.

“உன்கிட்ட நான் பேசலை.” எவெர்ட் பக்கம் திரும்பினேன். “நீ சொல்லு. பனியில நின்னு என்ன சொன்ன? அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“எப்பலேருந்து வர்ற?”

கீழே விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான்.

“எப்பலேருந்துடா?”

“அதுக்கு அடுத்த மாசத்துலேருந்து” என்றான்.

சுவரோரம் இருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். அடுத்த மாசம். அம்மாவைப் புதைத்த மண் இறுகுவதற்குள். நான் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அழுதபோது என் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, புதன்கிழமை இங்கே வந்து சீட்டுப் போட்டிருக்கிறான்.

“ஊர் முழுக்கத் தெரியுமா?”

“வால்தருக்குத் தெரியும்” என்றான் எவெர்ட். “கிளப்ல சில பேருக்கு…”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. எல்லாரும் என்னைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கீங்க. என் பன்னை வேற தின்னிருக்கீங்க. ஏன்யா, இவன் என்ன பண்ணான்னு உனக்குத் தெரியாதா? எங்கம்மா கண்ணை மூடறப்ப ஒரு போன் பண்ணாத நாதாரி இவன். அம்மா கையை விட்டுட்டுப் போனேனே, இவனை நம்பித்தானே போனேன்? உனக்கு உக்காந்து சீட்டு விளையாட உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?”

எவெர்ட் வாயைத் திறந்தான், மூடினான். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். ஏதோ சொல்ல வந்து முழுங்குகிற மூஞ்சி. இத்தனை வருஷத்தில் இதை எத்தனையோ தரம் பார்த்து, எனக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்திருக்கிறேன்.

சிக்ஸ்தன் சீட்டுகளைக் கூட்டி ஒரு கட்டாக அடுக்கினான். அடுக்கிவிட்டு எவெர்ட்டைப் பார்த்துச் சொன்னான், “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“வேணாம் சிக்ஸ்தன்.”

“எனக்கு வயசாயிடுச்சுடா. இன்னும் எத்தனை குளிர்காலம் நான் இதைச் சுமக்கிறது?”

“என்னத்தைச் சுமக்கிற நீ?” என்றேன்.

சிக்ஸ்தன் என்னை நேராகப் பார்த்தான். “நான் கூப்பிட்டேன் குன்வோர். அன்னிக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும், அம்மாவுக்கு மூச்சு மாறுச்சு, நர்ஸ் வந்து ‘வீட்ல கூப்பிடுங்க’ன்னு சொன்னா. உடனே கூப்பிட்டேன். எவெர்ட்தான் எடுத்தான். ‘எழுப்பறேன், இதோ கிளம்பிட்டோம்’னான்.”

நான் எவெர்ட்டைப் பார்த்தேன். பொய் என்று சொல்லு. கத்து, அவனை அடி, பொய் சொல்கிறான் என்று சொல்லு. உனக்குப் புண்ணியமாகப் போகும். மனசுக்குள் அப்படிக் கெஞ்சினேன் நான்.

“வண்டியைச் சூடாக்கிட்டு அப்புறம் உன்னை எழுப்பலாம்னு வெளிய போனேன்” என்றான் எவெர்ட். “சாவியைத் திருப்பினா, ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி செத்துக் கிடந்துச்சு. உறைஞ்சே போயிருந்துச்சு.”

வீட்டுக் காரின் அந்தப் பேட்டரி! இலையுதிர்காலம் பூராவும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், வண்டி காலையில் முனகுகிறது, பேட்டரியை மாற்று, மாற்று என்று. அம்மா எந்த நேரத்தில் எப்படியோ என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இந்தக் குளிர்காலம் தாங்கும், எனக்குத் தெரியாதா பேட்டரியைப் பற்றி என்றான். அன்று காலையில் வால்தர்தான் வேனில் எங்களைக் கூட்டிப் போனான். குளிரில் வண்டி மக்கர் பண்ணுது என்று எவெர்ட் சொன்னதும், அம்மா போய்விட்டாள் என்ற இடியில் அது என் காதில் ஏறாததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“வால்தர் வீடு அடுத்த வீடுடா” என்றேன். “ஓடிப்போய் ஜன்னலைத் தட்டியிருந்தா வேனை எடுத்துக்கிட்டு வந்திருப்பான்.”

“தெரியும்.”

“கிழவியோட பேட்டரி வால்தரோட பால் அறைல சார்ஜோட நின்னுச்சு. எடுத்துட்டு வந்து மாட்டியிருந்தா வண்டி கிளம்பியிருக்கும்.”

“தெரியும் குன்வோர். எல்லாம் தெரியும்.” கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தான். “ஊருக்கெல்லாம் பேட்டரிப் பாடம் எடுக்கிறவன், சொந்த வண்டி பேட்டரியைச் சாகவிட்டுட்டு வால்தர் கதவைப் போய்த் தட்டணும். அதைவிட, உன்னை எழுப்பணும். எழுப்பி, வண்டி கிளம்பலைன்னு சொல்லணும். நீ அத்தனை தரம் சொல்லியும் நான் மாத்தலைன்னு சொல்லணும். எனக்கு வாய் வரலை. அம்மா விடியிற வரைக்கும் இருப்பாங்க, விடிஞ்சதும் வால்தரைக் கூப்பிட்டுக்கலாம்னு நினைச்சேன். மறுபடி போன் வந்தப்ப முடிஞ்சிருச்சு.”

“அப்ப என்கிட்ட அழுதான்” என்றான் சிக்ஸ்தன். “‘நான் கூப்பிடலைன்னு சொல்லிடு சிக்ஸ்தன், இல்லேன்னா அவ என்னை விட்டுப் போயிடுவா’ன்னான். நீ கொஞ்ச நாள்ல கோபம் ஆறிடுவே, அண்ணன்தானேன்னு நீ மன்னிச்சிடுவ அப்படின்னு நினைச்சேன். நீ மன்னிக்கலை.”

எட்டு வருஷம் நான் பேசாமல் இருந்தது தப்பான ஆளோடு. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அண்ணனை நான் திட்டும்போதெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் ஆள். அன்றைக்கு அடுத்த மாசத்திலிருந்துதான் இந்தப் பேட்டரிப் பைத்தியமும் முற்றியது அவனுக்கு. வாரம் தவறாமல் வீட்டுக் காரின் பேட்டரியையும் மீட்டர் வைத்துப் பார்ப்பான். என் புருஷன் மாதிரி பொறுப்பானவன் உண்டா என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“நீயும் யோக்கியன் இல்லை” என்றேன் சிக்ஸ்தனிடம். “யாரைக் கேட்டு என் குடும்பத்தைக் காப்பாத்தின? கடைல நான் மூஞ்சியைத் திருப்பும்போது ஒரு வார்த்தை சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா? ரெண்டு பேரும் சேந்து என்னைப் பொம்மை மாதிரி ஆட்டி வெச்சிருக்கீங்க.”

“ஆமா” என்றான் அவன். மறுக்கவே இல்லை.

கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டேன். “அம்மா என்னைக் கேட்டாளா?”

சிக்ஸ்தன் காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தான். கேட்காதது போல நடிக்கப் போகிறானோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னான்.

“கேட்டா. ‘குன்வோர் கிளம்பிட்டாளா’ன்னு கேட்டா. கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னேன். எனக்கு என்ன தெரியும், நீங்க ரோட்ல இருக்கீங்கன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டா. ரோடு வழுக்குதும்மா, அதான் நேரமாகுதுன்னேன். ‘அவசரம் இல்லை, மெதுவா வரச் சொல்லு’ன்னா. அதுக்கப்புறம் பேசலை.”

நான் கத்துவேன் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள் போல. எனக்குக் கத்த வரவில்லை. என் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். நான் வருகிற வழியில் எனக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

“எவெர்ட்” என்றேன். “வண்டி கிளம்பலை. உள்ள வந்த. அப்புறம் என்ன பண்ணின?”

“என்ன பண்ணினேன்னா?”

“விடியற வரைக்கும் என்ன பண்ணின?”

தலையைக் குனிந்துகொண்டான். “படுத்தேன்.”

“எங்க?”

“உன் பக்கத்துலதான்.”

“தூங்கினியா?”

“இல்லை குன்வோர். சத்தியமா தூங்கலை. உன் மூச்சைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன்.”

கை நீட்டினால் தொடும் தூரத்தில் படுத்துக் கிடந்திருக்கிறான். ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும், நான் விழித்திருப்பேன். விழித்து, வால்தர் வீட்டுக்கு வெறுங்காலோடு ஓடியிருப்பேன்.

எவெர்ட் என் முன்னால் வந்து நின்றான். தோளைத் தொடக் கை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். “வா, வீட்டுக்குப் போலாம். வீட்ல வெச்சு என்னை என்ன வேணா பண்ணு. திட்டு, அடி, எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“நீ போ” என்றேன்.

“நீ?”

நான் இரண்டாவது கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தேன். விரல் மரத்திருந்ததால் நேரம் எடுத்தது. சிக்ஸ்தன் எழுந்து அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டான். எவெர்ட் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

“கிளம்பு” என்றேன். “அவசரம் இல்லை. ரோடு வழுக்கும், மெதுவா போ.”

அவன் முகம் கோணிப்போனது. வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லு என்று நான் கேட்கவும் இல்லை. தொப்பியை எடுத்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் மனசு மாறுவேன் என்று ரொம்ப நேரம் வாசலில் நின்றான். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.